முதல் மழை பெய்த மறுநாள்

வாசகர் கேள்வி – பதில்

இந்த மாதம் வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் ஒரே சங்கதிதான். மே 4-ல் தொடங்கி 28 வரைக்கும் காய்கிற கத்திரியை எப்படியோ தாண்டிவிட்டோம், மழையும் இரண்டு தூறல் போட்டுவிட்டது, இனி கவலை இல்லை என்று நினைத்த நேரத்தில் மாடு செத்துவிட்டது, வாழை சாய்ந்துவிட்டது, காய் கொட்டுகிறது என்று எழுதியிருக்கிறீர்கள். முப்பது வருடம் கால்நடை மருந்தகங்களில் வேலை பார்த்தவன் என்ற முறையில் சொல்கிறேன், உச்சி வெயிலில் சாகிற ஆடு மாட்டைவிட, கோடை முடிகிற அந்த இரண்டு மூன்று வாரத்தில் சாவதுதான் அதிகமாக என் கண்ணில் பட்டிருக்கிறது. அதனால் இந்த முறை அந்தக் கேள்விகளை மட்டும் எடுத்துக்கொண்டேன்.

கேள்வி (காங்கேயம் பக்கத்து வாசகர்): ஐயா, போன வாரம் எங்கள் பக்கம் நல்ல மழை. சோளத்தட்டு அறுத்த காட்டில் மறுபடி துளிர்விட்டு முழங்கால் உயரத்துக்குப் பச்சைப்பசேல் என்று நின்றது. கோடை முழுக்கக் காய்ந்த தட்டையே தின்ற மாடுகள், பாவம் என்று அவிழ்த்துவிட்டோம். கால் மணி நேரத்தில் ஒரு சினை மாடும் ஒரு கிடாரியும் நுரை தள்ளி விழுந்துவிட்டன. டாக்டர் வருவதற்குள் உயிர் போய்விட்டது. பாம்புக்கடி என்கிறார்கள் சிலர். பக்கத்துக் காட்டுக்காரர் மருந்து வைத்துவிட்டார் என்று வீட்டில் சந்தேகப்படுகிறார்கள். உண்மை என்னவாக இருக்கும்?

பதில்: முதலில் அந்தப் பக்கத்துக் காட்டுக்காரர் மேல் இருக்கிற சந்தேகத்தை விட்டுவிடுங்கள். நீங்கள் எழுதியிருப்பதைப் பார்த்தால் மாட்டைக் கொன்றது அந்தப் பச்சைத் துளிர்தான் என்று தெரிகிறது.

இளஞ்சோளத்தில் இயற்கையாகவே ஒரு நச்சுச் சரக்கு இருக்கிறது. தூரின் என்று பெயர். அது இலைக்குள் சும்மா இருக்கும் வரை ஒன்றும் செய்யாது. மாடு கடித்து மென்று இலை நசுங்கியதும் அதிலிருந்து ஹைட்ரஜன் சைனைடு வெளியே வருகிறது. பயிர் எவ்வளவு இளசோ அவ்வளவு நச்சு. வறட்சியில் வாடி நின்றுவிட்டு மழைக்குத் திடீரென்று துளிர்க்கிற மறுதாம்பில் இன்னும் கூடுதல். அதற்கு யூரியா வேறு போட்டிருந்தால் கேட்கவே வேண்டாம். ஆக, நீண்ட வறட்சி, பிறகு ஒரு மழை, பிறகு முழங்காலுக்குக் கீழே நிற்கிற துளிர் என்று மூன்றும் சேர்ந்த நேரம்தான் சோளக்காடு மாட்டுக்கு எமன்.

எனக்குப் பத்து வயது இருக்கும்போது எங்கள் அப்பாவின் மயிலைப் பசு இப்படித்தான் போனது. கட்டுத்தறியில் இருந்து கயிற்றை அறுத்துக்கொண்டு போய்ப் பக்கத்தில் சோளத் துளிரைத் தின்றுவிட்டது. அப்பா ஓடிப்போய் அதன் கண் இமையைத் திருப்பிப் பார்த்தார், உள்ளே செக்கச்செவேல் என்று இருந்தது. மூச்சுக்குத் திணறுகிற மாட்டுக்கு அந்த இடம் நீலம் பாரிக்க வேண்டும், இது ஏன் இப்படிச் சிவந்து கிடக்கிறது என்று அன்றைக்கு யாருக்கும் புரியவில்லை. இந்த வேலைக்கு வந்த பிறகுதான் எனக்கு விளங்கியது. ரத்தத்தில் பிராணவாயு நிறைய இருக்கும், ஆனால் அதை எடுத்துப் பயன்படுத்துகிற சக்தியை உடம்பின் ஒவ்வொரு அணுவிலும் சைனைடு முடக்கிவிடும். சாப்பாடு எதிரில் இருந்தும் கையைக் கட்டிப்போட்ட மாதிரி. அதனால்தான் ரத்தம் பளிச்சென்ற சிவப்பாகவே இருக்கிறது, மாடு மூச்சுத் திணறிச் சாகிறது.

இதற்கு மாற்று மருந்து இருக்கிறது. சோடியம் நைட்ரைட்டும் சோடியம் தயோசல்பேட்டும் டாக்டர் நரம்பில் ஊசியாகப் போடுவார். நேரத்துக்குப் போட்டால் கண் முன்னாலேயே மாடு எழுந்து நிற்கும், நானே எத்தனையோ முறை பார்த்திருக்கிறேன். ஆனால் நேரம்தான் கிடைப்பதில்லை. ஆகவே போன் பண்ணும்போதே "சோளத்துளிர் தின்றுவிட்டது" என்று முதல் வார்த்தையாகச் சொல்லுங்கள், மருந்தோடு வருவார்கள். 1962 என்ற எண்ணில் கால்நடை ஆம்புலன்ஸைக் கூப்பிடலாம், கட்டணம் கிடையாது. வெல்லத் தண்ணீர், புளித்தண்ணீர் என்று வாயில் ஊற்றிக்கொண்டு இருக்காதீர்கள். மூச்சுத் திணறுகிற மாட்டுக்கு எதை ஊற்றினாலும் நுரையீரலுக்குள் போய்விடும்.

இனி இருக்கிற மாடுகளுக்கு: சோளம் பூவெடுக்கிற பருவம் வரும் வரை பச்சையாக மேயவிட வேண்டாம். பல முறை அறுக்கிற கோ எஃப் எஸ் 29 மாதிரியான தீவனச் சோளத்துக்கும் முதல் அறுப்பு 65 நாளில், அடுத்தடுத்த அறுப்பு 50 நாளுக்கு ஒரு முறை என்று சொல்கிறார்கள் இல்லையா, அந்தக் கணக்கை மாட்டின் பசிக்காகக் குறைக்காதீர்கள். அறுத்து நன்றாகக் காயவைத்த தட்டில் நச்சு பெருமளவு போய்விடும். பாதி வாடிய நிலையில் கொடுப்பதுதான் ஆபத்து, சிலர் காலையில் அறுத்து மதியம் போட்டால் போதும் என்று நினைக்கிறார்கள், போதாது. அறுத்த காட்டில் துளிர் வந்துவிட்டால் உழுதுவிடுங்கள். பாதையோரக் காடு என்றால் ஊர் மாடுகளுக்கும் அது ஆபத்துதான், இரண்டு முள்ளையாவது வெட்டிப் போட்டு அடைத்துவையுங்கள்.

சேலம், நாமக்கல் பக்கத்து வாசகர்களுக்கு ஒரு வார்த்தை. மரவள்ளி இலையிலும் கிழங்குத் தோலிலும் இதே நஞ்சுதான். கிழங்கு பிடுங்கிய காட்டில் வெள்ளாட்டை விட்டுவிட்டுத் தேநீர்க் கடைக்குப் போய்விடாதீர்கள்.

கேள்வி (புதுக்கோட்டை மாவட்ட வாசகி): என்னிடம் 22 செம்மறி. மழைக்கு அப்புறம் தரிசில் புல் முளைத்ததும் மேய்ச்சலுக்கு விட்டேன். நாலு நாளில் மூன்று குட்டி செத்துப்போச்சு. எல்லாமே கொழுகொழு என்று இருந்த குட்டிகள், நோஞ்சான் எதுவும் சாகவில்லை. துள்ளித் துள்ளி விழுந்து கால் உதைத்துச் செத்தன. செய்வினை என்கிறார் என் மாமியார். எனக்கு மனசே சரியில்லை.

பதில்: அக்கா, உங்கள் கடிதத்திலேயே பதில் இருக்கிறது. கொழுத்த குட்டி, புதுப்புல், துள்ளிச் சாவு. இதற்குத் துள்ளுமாரி என்று நம் முன்னோர்களே பெயர் வைத்துவிட்டார்கள், செய்வினை எதுவும் இல்லை.

இந்த நோயை உண்டாக்குகிற கிருமி ஆட்டின் குடலிலேயே எப்போதும் கொஞ்சம் குடியிருக்கும். வெறும் வயிற்றோடு, காய்ந்த சருகு தின்றுகொண்டிருந்த ஆடு திடீரென்று இளம்புல்லை வயிறு முட்டத் தின்னும்போது செரிக்காத மாவுச்சத்து குடலுக்குள் இறங்குகிறது, கிருமிக்குக் கல்யாண விருந்து கிடைத்த மாதிரி ஆகிவிடுகிறது. அது பல மடங்காகப் பெருகி ஒரு நஞ்சை ரத்தத்தில் கலக்கவிடுகிறது. நோஞ்சான் குட்டியை மற்றவை முட்டித் தள்ளிவிடுவதால் அது குறைவாகத் தின்கிறது, பிழைத்துக்கொள்கிறது. தாயிடம் நன்றாகப் பால் குடித்து, புல்லையும் முந்தித் தின்கிற முதல் தரக் குட்டிதான் சாகிறது. வளர்த்தவருக்கு வயிறு எரிவது இதனால்தான்.

நோய் கண்ட பிறகு வைத்தியத்துக்குப் பெரும்பாலும் நேரம் இருக்காது. தடுப்பூசி ஒன்றுதான் வழி. அதை மழைக்கு முன்னாலேயே, அதாவது சித்திரை வைகாசியிலேயே போட்டிருக்க வேண்டும். முதல் முறை போடுகிற குட்டிக்கு இரண்டு மூன்று வாரம் கழித்து இன்னொரு ஊசியும் உண்டு, அதை விட்டுவிட்டால் முதல் ஊசியின் பலன் முழுதாக நிற்காது. இப்போது உங்கள் மந்தையில் மீதி இருக்கிற 19-க்கும் உடனே கால்நடை மருந்தகத்தில் சொல்லி ஏற்பாடு செய்யுங்கள். ஊசி போட்டதும் பலன் வந்துவிடாது, அதனால் இந்த இரண்டு வாரம் மேய்ச்சலைக் கையில் வைத்திருங்கள். காலையில் பட்டியைத் திறக்கும் முன் கொஞ்சம் கடலைக்கொடியோ வைக்கோலோ போட்டு வயிற்றைப் பாதி நிரப்புங்கள். பனி காய்ந்த பிறகு, பத்து மணிக்கு மேல், முதல் நாள் ஒரு மணி நேரம், அடுத்த நாள் இரண்டு மணி நேரம் என்று கூட்டிக்கொண்டு போங்கள். குடற்புழு நீக்கமும் இந்த நேரத்தில் செய்துவிட்டால் நல்லது.

ஒன்றை மட்டும் அழுத்திச் சொல்கிறேன். திடீரென்று செத்த ஆட்டின் மூக்கு, வாய், ஆசனவாயில் இருந்து உறையாத கருரத்தம் வந்திருந்தால் அது துள்ளுமாரி இல்லை, அடைப்பானாக இருக்கலாம். அது மனிதருக்கும் ஒட்டும். தோலை உரிக்காதீர்கள், அறுக்காதீர்கள், கறி போடாதீர்கள். டாக்டரிடம் சொல்லி, ஆழமாகக் குழி தோண்டிச் சுண்ணாம்பு போட்டுப் புதைத்துவிடுங்கள். மாடு வைத்திருப்பவர்களும் சப்பை நோய், தொண்டை அடைப்பான் ஊசிகளை மழைக்கு முன்பே போட்டுக்கொள்ளுங்கள். சேறும் சகதியும் வந்த பிறகு போடலாம் என்று இருக்க வேண்டாம்.

கேள்வி (லால்குடி வாசகர்): மே மாதக் கடைசியில் ஒரு சாயங்காலம், அரை மணி நேர சூறைக்காற்றில் ஒன்றரை ஏக்கர் பூவனில் முக்கால்வாசி சாய்ந்துவிட்டது. தார் தள்ளி இரண்டு மாதம்தான் ஆகிறது. அன்று காலையில்தான் தண்ணீர் வேறு பாய்ச்சியிருந்தேன். ஏதாவது மீட்க முடியுமா?

பதில்: படிக்கும்போதே மனது கனத்துவிட்டது. தார் தள்ளியது முதல் வெட்டும் வரை மூன்று மாதத்துக்கு மேல் வேண்டும், நீங்கள் கரையைத் தொடுகிற நேரத்தில் படகு கவிழ்ந்திருக்கிறது.

அடியோடு முறிந்த மரத்தில் தார் இனி முற்றாது. இரண்டு மாதக் காய் என்றால் கறிக்காயாகவாவது போகுமா என்று அன்றைக்கே வியாபாரியிடம் பேசுங்கள், நாளாக நாளாகக் காய் சுருங்கும், விலை கேட்கவே கூச்சமாகிவிடும். வேர் பாதி பிடித்தபடி சாய்ந்து நிற்கிற மரங்களை நிமிர்த்துகிறேன் என்று கயிறு கட்டி இழுக்காதீர்கள், மிச்ச வேரும் அறுந்துவிடும். இருக்கிற சாய்விலேயே கவை போட்டுத் தாங்கிவிட்டு, அடியில் மண்ணை அணைத்து மிதித்துவிடுங்கள். தார் வெயில் பக்கம் திரும்பிவிட்டால் காய்ந்த வாழைச் சருகால் போர்த்திவிடுங்கள், இல்லையென்றால் காயின் தோல் கருகிவிடும். பக்கக்கன்று ஒன்றை மட்டும் நல்லதாகப் பார்த்து விட்டுவிட்டு மற்றதை எடுத்துவிட்டால் மறுதாம்பில் ஓரளவு தேற்றிக்கொள்ளலாம். விழுந்த மரத்தைத் துண்டு போட்டு வரிசைக்கு நடுவில் பரப்புங்கள், வயலை விட்டு வெளியே தள்ளாதீர்கள், நீங்கள் போட்ட பொட்டாஷில் பெரும்பகுதி அந்தத் தண்டுக்குள்தான் இருக்கிறது.

நீங்கள் எழுதிய ஒரு வரியில்தான் என் கண் நின்றது, அன்று காலையில் தண்ணீர் பாய்ச்சியது. கோடை மழைக்கு முன்னால் வருகிற காற்றுக்கு ஒரு முகம் உண்டு. இரண்டு மூன்று நாள் இலை அசையாமல் புழுங்கும், மதியத்துக்கு மேல் மேற்கிலோ வடமேற்கிலோ கருத்து வரும். அந்த மாதிரி நாட்களில் தார் உள்ள வாழைக்குத் தண்ணீரை ஒரு நாள் தள்ளிப்போடுங்கள். மண் ஊறி இளகியிருந்தால் வேர் பிடி தளர்ந்து நிற்கும், மேலே இருபது கிலோ தார், ஒரு தள்ளுக் காற்று போதும். முட்டுக்கொடுப்பதைத் தார் பெருத்த பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று விடாமல் பூ எட்டிப் பார்க்கும்போதே செய்யுங்கள். ஒற்றைக் கம்பைவிட இரண்டு மூங்கிலைக் கத்தரிக்கோல் போலக் கட்டி, தார் சாய்கிற பக்கம் கொடுப்பது நிற்கும். அடுத்த நடவுக்கு மேற்கு வரப்பில் அகத்தி, சவுக்கு என்று ஒரு வரிசை வேலி போட்டுவிடுங்கள்.

கிராம நிர்வாக அலுவலருக்கும் தோட்டக்கலைத் துறைக்கும் எழுத்தில் கொடுத்துவிட்டீர்களா? 33 சதவிகிதத்துக்கு மேல் சேதம் என்றால்தான் பேரிடர் நிவாரணக் கணக்கில் வரும். அதனால் விழுந்த மரத்தை அப்புறப்படுத்தும் முன், வயலின் நாலு மூலையில் இருந்தும் படம் எடுத்து, மரத்தை எண்ணி எழுதிவைத்துக்கொள்ளுங்கள். காப்பீடு செய்திருந்தால் 72 மணி நேரத்துக்குள் தகவல் கொடுத்துவிடுங்கள், உங்கள் பாலிசியில் காற்றுச் சேதம் சேர்கிறதா இல்லையா என்பதை அப்புறம் பேசிக்கொள்ளலாம், முதலில் தகவல் பதிவாகட்டும்.

கேள்வி (பொள்ளாச்சி வாசகர்): கோடையில் தென்னைக்குத் தண்ணீர் போதவில்லை, குரும்பை கொட்டியது. இப்போது மழை வந்தும் கொட்டுகிறதே? ஓலையெல்லாம் கருப்பாக மசி பூசியது போல வேறு இருக்கிறது.

பதில்: தென்னையின் கணக்கு நம் கணக்கு இல்லை. குருத்துக்குள் பாளை உருவாகத் தொடங்கியதில் இருந்து காய் முற்றுகிற வரை சுமார் 44 மாதம் ஆகிறது. அதில் பாளை வெடித்த பிறகு நம் கண்ணுக்குத் தெரிகிற காலம் கடைசி 12 மாதம்தான். ஆக, இந்த வருடக் கோடையில் மரம் பட்ட தாகம் குருத்துக்குள் உட்கார்ந்திருக்கிற அத்தனை பாளைக்கும் தெரியும். அதனுடைய பாதிப்பு அடுத்த வருடமும் அதற்கடுத்த வருடமும் வெட்டு வெட்டாக வெளியே வரும். ஒரு மழைக்கு உடனே காய் நிற்கவில்லையே என்று மரத்தை வெட்டிப்போட நினைக்காதீர்கள், தயவுசெய்து.

இப்போது செய்யக்கூடியது ஈரத்தைக் காப்பதுதான். உரிமட்டையைத் தீ வைக்காமல் வட்டப்பாத்தியில் போடுங்கள், மரத்துக்கு நூறு மட்டை, சுமார் 6 அடி ஆரத்துக்கு. மண் மேல் மூடாக்காகப் பரப்பும்போது மட்டையின் முதுகு மேலே இருக்க வேண்டும், அப்போதுதான் வெயில் படாமல் மண்ணை மூடும். அதையே குழி வெட்டி உள்ளே புதைப்பதாக இருந்தால் நேர்மாறாக, குழிந்த பக்கம் மேலே. அப்போது ஒவ்வொரு மட்டையும் ஒரு கிண்ணம் மாதிரி மழைத்தண்ணீரைப் பிடித்துவைத்துக்கொள்ளும். இந்த வித்தியாசம் தெரியாமல் வேலையாள் போட்டுவிட்டுப் போய்விடுவார், பக்கத்தில் நின்று பாருங்கள்.

ஓலையில் இருக்கிற கருமசி, சுருள் வெள்ளை ஈயின் வேலை. உங்கள் ஊர்ப் பக்கம்தான் 2016-ல் முதன்முதலில் கண்டுபிடித்தார்கள், வறண்ட வெப்பம் அதற்கு ரொம்பப் பிடிக்கும். கீழ் ஓலையில் ஈ சாறு உறிஞ்சிக் கழிக்கிற தேன் போன்ற பிசின் மேல் பூசணம் படர்வதுதான் அந்தக் கருப்பு. பூச்சிமருந்து அடிக்காதீர்கள், இந்த ஈயின் குஞ்சுகளைத் தின்று அழிக்கிற என்கார்சியா என்ற குளவி உங்கள் தோப்பிலேயே இருக்கிறது, முதலில் சாவது அதுதான். 1 லிட்டர் தண்ணீருக்கு 25 கிராம் மைதா காய்ச்சிக் கலந்து ஓலையில் அடித்தால் காய்ந்ததும் கருப்பு ஏடாகப் பெயர்ந்து விழும். ஓலையின் அடிப்பக்கம் பீய்ச்சித் தண்ணீர் அடியுங்கள், மஞ்சள் ஒட்டுப்பொறி கட்டுங்கள். இரண்டு கனமழை அடித்தால் ஈயின் எண்ணிக்கை தானாக இறங்குவதையும் பார்ப்பீர்கள்.

கேள்வி (ராசிபுரம் வாசகி): வீட்டில் 40 நாட்டுக்கோழி. கத்திரியில்கூடத் தாங்கிவிட்டன, போன வாரம் மேகம் மூடிப் புழுங்கிய நாளில் ஐந்து கோழி மதியம் செத்துவிட்டன. முட்டை ஓடு காகிதம் மாதிரி இருக்கிறது.

பதில்: கோழிக்கு வியர்வை கிடையாது. வாயைத் திறந்து இளைத்து, மூச்சில் ஈரத்தை வெளியேற்றித்தான் உடம்பைக் குளிரவைக்கும். வறண்ட 40 டிகிரியில் அந்த ஈரம் சட்டென்று ஆவியாகும், வேலை நடக்கும். மழைக்கு முந்தைய புழுக்கத்தில் காற்றிலேயே ஈரம் நிறைந்திருப்பதால் 36 டிகிரியிலும் எவ்வளவு இளைத்தாலும் சூடு இறங்காது. அதனால்தான் வெயில் குறைந்த நாளில் கோழி சாகிறது. ஓடு மெலிவதும் இதே இளைப்பால்தான், மூச்சோடு கரியமிலவாயு அதிகம் போய்விடுவதால் ஓடு கட்டத் தேவையான சுண்ணாம்புச் சத்து சரியாகச் சேர்வதில்லை. தீனியும் குறைத்துத்தான் தின்னும்.

பகல் பதினொன்றில் இருந்து நாலு மணி வரை தீனி வைக்காதீர்கள். விடியற்காலையிலும் பொழுது சாய்ந்தும் வையுங்கள், கிளிஞ்சல் தூளைத் தனிக் கிண்ணத்தில் சாயங்காலம் வைத்தால் இரவில் ஓடு கட்டும்போது உதவும். தண்ணீர் மண்பானையில், நிழலில், மதியம் இரண்டு முறை மாற்றி. புழுக்கமான நாளில் கூண்டுக்குள் தண்ணீர் தெளிக்காதீர்கள், ஈரம் கூடி இன்னும் மோசமாகும். நாலு பக்கமும் திறந்துவிட்டு, முடிந்தால் ஒரு மின்விசிறி. பச்சையும் வெள்ளையுமாகக் கழிந்து, கழுத்தைத் திருகிக்கொண்டு செத்திருந்தால் மட்டும் அது வெப்பம் இல்லை, வெள்ளைக்கழிச்சல். 8 வாரம் தாண்டிய குஞ்சுகளுக்கு இறக்கையில் போடுகிற ஊசி போட்டீர்களா என்று பாருங்கள்.

கேள்வி (ஈரோடு வாசகர்): கலப்பின மாடு 12 லிட்டரில் இருந்து 8-க்கு வந்துவிட்டது. சினைக்கும் வரவில்லை. மழை வந்ததும் சரியாகிவிடுமா?

பதில்: பால் கொஞ்சம் கொஞ்சமாக ஏறும், சினை விஷயத்தில் பொறுமை வேண்டும். கோடையில் பருவ அறிகுறி மங்கலாகவும் குறுகிய நேரமாகவும் இருக்கும், அதுவும் பெரும்பாலும் இரவில். கத்தாமலே பருவத்துக்கு வந்து போய்விடும். படுக்கப் போகும் முன் ஒரு முறை, விடியற்காலை நாலு ஐந்து மணிக்கு ஒரு முறை டார்ச் எடுத்துக்கொண்டு போய் வால் அடியில் கண்ணாடி போன்ற சளி இருக்கிறதா என்று பாருங்கள். தாது உப்புக் கலவையை விடாமல் கொடுங்கள். அடர்தீவனத்தில் பெரும்பங்கை இரவுக்கு மாற்றுங்கள். தகரக் கூரை என்றால் மேலே தென்னங்கீற்று போட்டுவிடுங்கள். தண்ணீர்த் தொட்டி வெயிலில் இருந்தால் மாடு தேவைக்குக் குடிக்காது, அதை நிழலுக்கு நகர்த்தினாலே ஒரு லிட்டர் பால் கூடிய வீடுகள் எனக்குத் தெரியும்.

கேள்வி (கிருஷ்ணகிரி வாசகர்): பெங்களூரா மாங்காய் வெளியே பளபளப்பாக இருக்கிறது, அறுத்தால் உள்ளே புழு. வியாபாரி திருப்பிவிட்டார்.

பதில்: பழ ஈ. முதல் மழைக்கு மண்ணுக்குள் இருந்து கிளம்பி வந்து, பழுக்கத் தொடங்கிய காயில் ஊசி குத்திய மாதிரி ஓட்டை போட்டு முட்டை வைத்துவிடும். அந்த ஓட்டை உங்கள் கண்ணுக்கும் தெரியாது, வியாபாரி கண்ணுக்கும் தெரியாது. ஏக்கருக்கு 10 மீதைல் யூஜினால் பொறி கட்டுங்கள், அடுத்த வருடம் மழை வரும் முன்னாலேயே கட்டிவிடுங்கள். அதைவிட முக்கியம், கீழே விழுந்த பழத்தைத் தினமும் பொறுக்கி ஆழமாகப் புதைப்பது. ஒரு அழுகல் பழம் மரத்தடியில் கிடந்தால் அதில் இருந்து மண்ணுக்குள் இறங்குகிற புழுதான் மறுபடி ஈயாக உங்கள் தோப்புக்கே வரும். முற்றிய காயை மழைக்கு முன் பறிக்க முடிந்தால் விலையைப் பார்க்காமல் பறித்துவிடுங்கள்.

கேள்வி (மன்னார்குடி வாசகர்): கோடை எள் அறுக்கிற நேரத்தில் மழை. போர் போட்டது கருத்துவிட்டது. இனி மேட்டூர் திறக்கும் வரை நிலத்தைச் சும்மா போடலாமா?

பதில்: கருத்த எள்ளைத் தனியாக வையுங்கள், நல்லதோடு கலந்தால் மொத்தத்துக்கும் விலை போய்விடும். கட்டுகளைப் பிரித்துக் காய் மேல்நோக்கி இருக்கும்படி சாய்த்து நிறுத்திக் காயவையுங்கள். இன்னும் அறுக்காத வயல் இருந்தால் தண்ணீர் ஒரு நாள்கூட நிற்கக்கூடாது, வாய்க்காலைக் கீறி வடித்துவிடுங்கள், எள் வேர் அதைத் தாங்காது.

நிலத்தைச் சும்மா போட வேண்டாம். மேட்டூர் ஜூன் 12 என்பது நமக்கு நாள் குறித்த மாதிரி, ஆனால் 2022-ல் மே 24-லேயே திறந்தார்கள், 2024-ல் ஜூலை 28 வரை காத்திருக்க வேண்டியதாயிற்று. 2025-ல் தென்மேற்குப் பருவமழையே மே 24-ல் கேரளத்துக்கு வந்துவிட்டது, வழக்கமான ஜூன் 1-க்கு எட்டு நாள் முன்பே. தேதியை நம்பி உட்காராமல், பெய்த ஈரத்தில் ஒரு உழவு ஓட்டிவிடுங்கள். கோடை உழவு கோடி நன்மை என்று சும்மா சொல்லவில்லை. ஏருக்குப் பின்னால் கொக்கும் மைனாவும் வரிசை கட்டி வருவதைப் பார்த்திருப்பீர்கள், மண்ணுக்குள் தூங்குகிற கூட்டுப்புழுக்களைத்தான் பொறுக்குகின்றன. முடிந்தால் தக்கைப்பூண்டு விதைத்து வையுங்கள், தண்ணீர் தள்ளிப்போனால் அது வளர்ந்துகொண்டிருக்கும், வந்தால் மடக்கி உழலாம்.

கேள்வி (மணப்பாறை வாசகர்): மழையில் நனைந்த வைக்கோலையும் கடலைக்கொடியையும் காயவைத்துப் போடலாமா? வெளியே காய்ந்த மாதிரிதான் தெரிகிறது.

பதில்: போரின் நடுவில் முழங்கை வரை கையை விடுங்கள். உள்ளே சூடாக இருந்தாலோ, எடுத்து உதறும்போது சாம்பல் மாதிரி தூசி பறந்து மூக்கில் ஏறினாலோ பூசணம் பிடித்துவிட்டது. கடலைக்கொடியில் வருகிற பூசண நஞ்சு ஈரலைக் கெடுக்கும், கறவை மாட்டில் பாலிலும் இறங்கும், அந்தப் பாலைத்தான் வீட்டுப் பிள்ளை குடிக்கிறது. மேலே நனைந்த அடுக்கை மட்டும் அன்றைக்கே பிரித்து, வெயிலில் மெல்லியதாகப் பரப்பிச் சரசரவென்று காய்ந்தால் கொடுக்கலாம். நிறம் மாறிய கட்டைச் சினை மாட்டுக்கும் கன்றுக்கும் கண்டிப்பாக வேண்டாம், குப்பைக் குழியில் போட்டுவிடுங்கள். மீதிப் போரைத் தரையில் இருந்து ஒரு முழம் தூக்கிக் கல் அடுக்கி அதன் மேல் போட்டு, உச்சியைக் கூம்பாக்கித் தார்ப்பாய் கட்டுங்கள், பக்கவாட்டை மூடாமல் காற்றுக்கு விட்டுவிடுங்கள்.